இன்னொன்று பார்த்துவிடலாம்

மனிதர்களில் வண்டி வாங்குகிறவர்கள் உண்டு, வண்டி விற்கிறவர்கள் உண்டு. இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவே, இரண்டு பேரையும் நிம்மதியாக இருக்கவிடாமல், மூன்றாவதாக ஓர் இனம் உலாவுகிறது. வண்டி பார்க்கிறவர்கள். வாங்கமாட்டார்கள், விற்கமாட்டார்கள். பார்ப்பார்கள்.

வடக்கு மினசோட்டாவில், எங்கள் எல்க் பே மாதிரி ஏரியோர ஊர்களில் இந்த இனம் செழிப்பாக வளரும். காரணம் இருக்கிறது. இங்கே பாதி வீடுகளில் படகு நிற்கிறது. படகை ஏரிக்கு இழுத்துப்போகத் தெம்பான வண்டி வேண்டும். புது வண்டி கட்டுப்படியாகாது. பழைய வண்டியோ குளிர்காலம் முழுக்கச் சாலையில் கொட்டுகிற உப்பைக் குடித்து அடிவயிற்றில் துரு ஏறிக் கிடக்கும். ஆகவே பார்த்துத்தான் வாங்க வேண்டும். எவ்வளவு காலம் பார்க்கலாம்? நம்மைப் போன்றவர்களும் அவர்களும் பிரிகிற இடம் அதுதான்.

அடையாளம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். மளிகைக் கடை வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன பிக்கப் வண்டியின் முன்னால் ஒரு முழங்காலை ஊன்றி, தலையைச் சாய்த்து, சிறு டார்ச்சை அடித்து அடியில் பார்த்துக்கொண்டிருப்பவர் அவர். பாக்கெட்டில் ஒரு காந்தம் இருக்கும். அதைக் கதவோரங்களில் ஒட்டிப் பார்ப்பார். ஒட்டாவிட்டால் பெயின்டுக்குக் கீழே பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒட்டினால்? ஒட்டுகிற மாதிரி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். எந்தக் கம்பெனி வண்டி நல்லது என்று நீங்கள் தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால் உங்கள் காப்பி ஆறிவிடும். கம்பெனிகளின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதி ஊர் என்னோடு பேசாது.

எங்கள் ஊரின் மாதிரி உருப்படி லோவெல் டஃப்டே. காப்பீடு விற்கிறவர். எது எப்படியெல்லாம் நாசமாகும் என்று யோசிப்பதற்கே கமிஷன் வாங்குகிற மனிதரிடம் பழைய வண்டி ஒன்றைக் காட்டினால் என்ன ஆகும்? பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த கணக்கு வாத்தியார் கென்ட், யாரோ சொன்னார்கள் என்று இவரைத் துணைக்கு அழைத்துப்போனான். பார்த்த வண்டிகளையெல்லாம் லோவெல் ஒவ்வொன்றாகக் கொன்றார். ஒன்றில் கியர் மாறும்போது ஒரு தயக்கம். ஒன்றில் சேசிஸில் அரிப்பு. ஒன்றில் ஆயில் குச்சியை முகர்ந்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் துடைத்து வைத்தார், அது இன்னும் பயங்கரம். கடைசியில் கென்ட் யாரிடமும் சொல்லாமல் பக்கத்து ஊரில் ஒரு வண்டியை வாங்கித் தேவாலயத்துக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, சபையார் அத்தனை பேரும் உள்ளே முழங்காலிட்டதைவிடப் பயபக்தியோடு லோவெல் அந்த வண்டியின் முன்னால் முழங்காலிட்டிருந்தார். எழுந்து, கென்டின் தோளில் கை வைத்து, "மோசமில்ல" என்றார். எங்கள் பக்கத்தில் அதைவிட உயர்ந்த பாராட்டு கிடையாது. லோவெல் சொன்னால் மட்டும் துக்கம் விசாரிப்பது போலிருக்கும்.

சரி, ஊரான் வண்டி கிடக்கட்டும். அவர் வண்டி?

அதுதானே விஷயம். லோவெல்லின் மனைவி மார்லிஸ், ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அவளுடைய அப்பா எய்னார் குளிர் தாங்காமல் அரிசோனா வெயிலுக்குக் குடிபோனபோது தன் படகை டிரெய்லரோடு மகளிடம் விட்டுப்போனார். சின்ன வயதில் அந்தப் படகில் தூங்கி, அதில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு, அதிலேயே முதல் வால்ஐ மீனைப் பிடித்தவள் அவள். ஏரியில் பனி உருகி, மே மாதத்தில் தடைக்காலம் முடிந்து மீன்பிடி திறக்கிற சனிக்கிழமைக்காக ஊரே பைத்தியம் பிடித்துக் காத்திருக்கும்போது, மார்லிஸின் படகு மட்டும் கொல்லையில் தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது. வீட்டிலிருந்த சின்னக் கார் அதை இழுக்காது. பக்கத்து வீட்டு டென்னி ஒவ்வொரு வசந்தத்திலும் வேலிக்கு மேலே தலையை நீட்டி, என் வண்டியில் கட்டி இழுத்துப்போகலாமே என்று கேட்பான். லோவெல் நன்றி சொல்லி, இந்த வாரமே நாங்கள் ஒன்றை முடித்துவிடுவோம் என்பார்.

முடிப்பதாவது. ஒரு வருடம் பிக்கப்பா, எஸ்யூவியா என்ற விவாதத்திலேயே போயிற்று. பிக்கப் என்றால் ஈரத் தூண்டிலும் நாறுகிற புழு டப்பாவும் பின்னால் கிடக்கும், மூக்கு தப்பிக்கும். ஆனால் பின்பக்கம் கனமில்லாததால் ஈரச் சரிவில் சக்கரம் வழுக்கும். எஸ்யூவி என்றால் மழையில் நனையாது. ஆனால் நீளம் போதாது, பின்னால் கட்டிய படகு வண்டியை ஆட்டிவைக்கும். அடுத்த வருடம் எஞ்சின் எத்தனை பெரியது என்பதில் கழிந்தது. அதற்கடுத்த வருடம், இழுக்கும் திறன் என்று புத்தகத்தில் போட்டிருப்பது காலி வண்டிக்கா, ஆள் ஏறின வண்டிக்கா என்ற சந்தேகம் வந்தது. இதை அவர் மார்லிஸின் தங்கை மகள் கல்யாணத்தில், கேக் வெட்டும்போது, மாப்பிள்ளையிடம் விளக்கினார்.

மார்லிஸ் என்ன செய்தாள்? பொய் சொன்னாள். வசந்தம் வந்ததும் அரிசோனாவிலிருந்து எய்னார் போன் செய்து படகு தண்ணீரில் இறங்கியதா என்று கேட்பார். முதல் வருடம் வாய் தவறி 'ஆமாம்' என்றுவிட்டாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. டென்னி பிடித்துவந்து வேலிக்கு மேலே தூக்கிக் காட்டுகிற மீன்களைத் தன் மீன்களாக்கி, எந்தத் துறையில், என்ன ஆழத்தில், எப்படி இழுத்தது என்று அப்பாவுக்கு வர்ணித்தாள். வர்ணித்துவிட்டு போனை வைத்ததும் கொல்லைக் கதவைச் சாத்திக்கொள்வாள்.

இந்த வருடம் எய்னார் கதை கேட்பதோடு நிற்கவில்லை. மீன்பிடி திறக்கிற நாளுக்கு நேரில் வருகிறேன், விமான டிக்கெட் எடுத்தாயிற்று என்றார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் மார்லிஸ் கணவனிடம் விஷயத்தை உடைத்துச் சொன்னாள். லோவெல் உருளைக்கிழங்கை மென்றுகொண்டே, கவலைப்படாதே, ஊருக்கு வெளியே பெர்கிட் நைக்விஸ்ட் அம்மாவின் பண்ணையில் ஒரு பிக்கப் இருக்கிறதாம், நாளைக்கே பார்த்துவிடலாம் என்றார். இம்முறை அவளும் கூடப் போனாள்.

பெண் பார்க்கப் போய் பஜ்ஜி சொஜ்ஜியை ஒரு கை பார்த்துவிட்டு 'ஊருக்குப் போய் எழுதறோம்' என்று கிளம்பும் மாப்பிள்ளை வீட்டாரை உங்களுக்குத் தெரியும் அல்லவா? லோவெல் பெர்கிட் அம்மா ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டில் செய்த இனிப்பில் மூன்று துண்டு தின்றார். காப்பியைப் புகழ்ந்தார். பிறகு பாயை விரித்து வண்டிக்கு அடியில் போய், வெகுநேரம் அங்கேயே வசித்தார். வெளியே தெரிந்தவை இரண்டு பூட்ஸும் அவ்வப்போது ஒரு பெருமூச்சும்தான். துரு இல்லை. ஒழுகல் இல்லை. நாலு சக்கரமும் இழுத்தன. இழுவைக் கொக்கிகூடப் புதிதாக இருந்தது. வேறு வழியில்லாமல் எழுந்து வந்து கேட்டார்.

"இவ்வளவு நல்ல வண்டிய ஏன் விக்கறீங்க?"

"ஓட்டினவர் போயிட்டார்" என்றாள் பெர்கிட்.

லோவெல் ஒரு நிமிஷம் மரியாதையாகத் தலையைக் குனிந்தார். பிறகு, "வண்டியிலயா?" என்றார்.

மார்லிஸ் கண்ணை மூடிக்கொண்டாள். பெர்கிட் அம்மா நிதானமாக, "இல்ல, கட்டில்ல" என்று சொல்லி இன்னும் கொஞ்சம் காப்பி ஊற்றினாள். யோசித்துச் சொல்வதாக லோவெல் விடைபெற்றார்.

திரும்பும் வழியில் மார்லிஸ் கேட்டாள், அதில் என்னதான் குறை என்று. அவர் சாலையைப் பார்த்தபடியே, "ஒண்ணுமே இல்ல. அதான் எனக்குப் பிடிக்கல. இவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்கன்னா எதையோ மறைக்கறாங்க. இன்னொண்ணு பாத்துடலாம்" என்றார்.

எங்கள் ஊர்ப் பெண்கள் கோபத்தில் கத்தமாட்டார்கள். கார் கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிக்கொள்வார்கள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிச் சீருடையோடே பண்ணைக்குப் போனாள். வீட்டுக்காரர் யோசித்து முடித்துவிட்டாரா என்று பெர்கிட் விசாரித்தாள்.

"அவர் யோசிச்சிட்டே இருக்கட்டும்" என்றாள் மார்லிஸ். "நான் வாங்கறேன்."

சாயங்காலம் வீட்டு வாசலில் அந்த பிக்கப் நிற்பதைப் பார்த்த லோவெல் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கோபப்படவில்லை. மெல்ல அதைச் சுற்றி வந்தார். வழக்கப்படி ஒரு முழங்காலை ஊன்றினார். டார்ச்சை எடுத்தார். அடிக்கவில்லை. இனி பார்த்து என்ன ஆகப்போகிறது? அன்று சாப்பாட்டு மேசையில், பென்ஷன் வாங்கிய முதல் நாளில் எங்கே போவதென்று தெரியாமல் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதரைப் போல இருந்தார். மார்லிஸுக்கே ஒரு கணம் பாவமாகிவிட்டது. ஒரே கணம்தான்.

சனிக்கிழமை விடியும்போது ஏரிக்கரையில் வண்டிகள் வரிசையாக நின்றன. படகு இறக்குகிற சிமென்ட்டுச் சரிவு ஒன்றே ஒன்று. ஒவ்வொருவராக டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளித் தண்ணீரில் இறக்க வேண்டும். நீங்கள் ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் ஒடித்தால் டிரெய்லர் அந்தப் பக்கம் போகும். இதை ஊர் ஆண்கள் அத்தனை பேரும் கையில் காப்பியோடு நின்று பார்ப்பார்கள். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். சொல்லாமல் இருப்பார்களே, அதுதான் கொல்லும். இவர்கள் முறை வந்தது. விமானத்திலிருந்து முந்தின நாள்தான் இறங்கிய எய்னார் சந்தோஷமாகக் கதவைத் திறந்து இறங்கினார். மார்லிஸ் சாவியைக் கணவனிடம் நீட்டி, "நீயே இறக்கு லோவெல்" என்றாள். அவள் அதைப் பெருந்தன்மையாகத்தான் சொன்னாள்.

லோவெல் சாவியைப் பார்த்தார். வரிசையைப் பார்த்தார். காப்பிக் கோப்பைகளைப் பார்த்தார். பின் டயரில் காற்று கொஞ்சம் கம்மியாகத் தெரிகிறது என்றார். சரிவில் பாசி இருக்கிறது, இன்னொரு நாள் பார்க்கலாமா என்றார். அவர் முகம் வெளிறிப்போயிருந்ததை மார்லிஸ் அப்போதுதான் பார்த்தாள். எத்தனையோ எக்ஸ்ரே பார்த்தவள். இந்த எலும்பு முறிவு இத்தனை வருடம் கண்ணில் படவில்லையே என்றிருந்தது அவளுக்கு. அவரைத் தடுத்தது துருவும் இல்லை, கியரும் இல்லை. வண்டி என்று ஒன்றை வாங்கிவிட்டால் அதை ஊர் முன்னால் பின்னோக்கி ஓட்டிக் காட்ட வேண்டும். ஊருக்கே வண்டி சொல்லித்தருகிறவர் அங்கே கோணலாக நின்றுவிட்டால்?

மார்லிஸ் சாவியைத் திரும்ப எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

அழகாக இறக்கினாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். டிரெய்லர் முதலில் மரத்தைப் பார்த்துப் போனது. முன்னால் எடுத்துத் திரும்ப விட்டாள்; இப்போது படகுத்துறைத் தூணைப் பார்த்துப் போனது. லோவெல் கரையில் நின்று இரண்டு கைகளாலும் இரண்டு வெவ்வேறு திசைகளைக் காட்டிக்கொண்டிருந்தார். வரிசையில் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்தபடி இன்னொரு முறை, இன்னொரு முறை என்று முயன்று, கடைசியில் கொஞ்சம் சாய்வாகவே கொண்டுபோய்ப் படகைத் தண்ணீரில் விட்டாள். காப்பிக் கோப்பைக்காரர்கள் அடுத்த வண்டியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்கள். அவ்வளவுதான். இதற்காகவா இத்தனை வசந்தங்கள்?

வண்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே என்று லோவெல் கரையிலேயே தங்கிவிட்டார். அப்பாவும் மகளும் போனார்கள். நடு ஏரியில் எஞ்சினை நிறுத்தித் தூண்டிலைப் போட்ட பிறகு எய்னார் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்:

"போன வருஷம் போன்ல சொன்னியே ஒரு பெரிய மீன். அது டென்னி பிடிச்சது. அவன் எனக்குப் படம் அனுப்பியிருந்தான்."

மார்லிஸுக்குக் காது சுட்டது. "எல்லாம் தெரிஞ்சும் ஏம்பா கேக்கல?"

"நீ நல்லா சொன்ன. கேட்டுட்டே இருந்தேன்" என்றார் எய்னார். கொஞ்சம் பொறுத்து, "அப்புறம் பாத்தேன், எனக்கு வயசாகுது. சரி, டிக்கெட்ட எடுத்துருவோம்னு எடுத்தேன்" என்றார்.

அவள் சிரித்தாளா அழுதாளா என்று கரையிலிருந்து தெரியவில்லை. தூண்டில் மட்டும் ஆடியது. அன்றைக்கு அவர்கள் பிடித்தது ஒரே ஒரு மீன்; டென்னிக்குக் காட்டக்கூடிய அளவுமல்ல. வேலிக்கு மேலே தூக்கிக் காட்டினார்கள், அது வேறு விஷயம்.

கரைக்குத் திரும்பும்போது மார்லிஸ், கணவர் காரை வரவழைத்து வீட்டுக்குப் போயிருப்பார், அல்லது வண்டிக்குள் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தாள். இந்த இனத்தை அவள் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை. பிக்கப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடியிருந்தார்கள். நடுவில் லோவெல், பானெட்டைத் திறந்துவைத்து, பெற்ற பிள்ளையைக் காட்டுவது போல எஞ்சினைக் காட்டிக்கொண்டிருந்தார். இந்த வண்டியை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்பதற்கு அவரிடம் இப்போது ஒன்பது காரணம் இருந்தது. இளம் தம்பதி ஒன்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கும் ஒரு படகு இருந்ததாம், வண்டிதான் இல்லையாம்.

"நாங்க அவசரப்படல" என்றார் லோவெல். "பொறுமையா பாத்தோம். அதான் இப்படி ஒண்ணு கிடைச்சது. நாளைக்கு நான் உங்ககூட வரேன்."

மார்லிஸ் அந்தப் பெண்ணின் கண்ணைப் பிடித்து, யாருக்கும் தெரியாமல் தலையை மெல்ல இடம் வலமாக ஆட்டினாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததா என்பது தெரியவில்லை. தம்பதி மறுநாள் வருவதாக ஒப்புக்கொண்டார்கள்.

நன்றாகச் சிரித்தீர்களா? நல்லது. உங்கள் ஊரில் ஏரி இல்லை, படகு இல்லை, துரு இல்லை. உங்களுக்கும் லோவெல்லுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. மிக்ஸி வாங்கக் கடைக்குப் போய், எல்லா மிக்ஸியையும் ஓடவிட்டுப் பார்த்து, விலைப்பட்டியலோடு வீட்டுக்கு வந்தது வேறு யாரோ. மகளுக்கு வந்த நல்ல வரனை, பையன் ரொம்ப அமைதியாக இருக்கிறானே என்று தள்ளிவிட்டது வேறு யாரோ. வாங்கப்போகும் மனைக்கு இன்னும் மண் பரிசோதனை முடியாததால் வாடகை வீட்டின் ஒழுகலுக்கு வாளி வைத்திருப்பதும் வேறு யாரோதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இதை வாய்விட்டுப் படித்திருந்தால், சமையலறையில் இவ்வளவு நேரம் கேட்டுக்கொண்டிருந்த பாத்திரச் சத்தம் எப்போது நின்றது என்று யோசித்துப் பாருங்கள். அங்கிருந்து ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பினால், எங்கே என்று கேட்காதீர்கள். வழியை மட்டும் விடுங்கள்.