தொலைபேசியில் ஆறிய புண்

தொட்டுப் பார்த்தும், மருந்து போட்டும், கட்டுக் கட்டியும் புண்ணை ஆற்றியவர்கள் உலக வரலாற்றில் பலர் உண்டு. 'எப்படி இருக்கீங்க?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு ஆற்றியவர்கள் நாங்கள் மட்டும்தான். நாங்கள் என்றால் 'கனிவுக்கரம் சமூக நலச் சேவைகள்', சாண்டில்தோர்ப் கிளை. அதில் நான் நோயாளர் மனநிறைவுத் துறையின் தலைவன். பெயர் ரஸ்ஸல். துறையில் நான் ஒருவன்தான் என்பதால் தலைமைக்குப் போட்டி இருக்கவில்லை.

முன்பெல்லாம் எங்கள் கடற்கரை ஊரில் அரசாங்க நர்ஸுகள் வீடு வீடாகப் போய், நடமாட முடியாதவர்களுக்குக் கட்டு மாற்றிவந்தார்கள். சற்றும் நவீனமில்லாத ஏற்பாடு. பிறகு அரசாங்கம் அந்த வேலையை எங்களிடம் குத்தகைக்கு விட்டது. எங்களை லண்டனிலுள்ள ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கியது. ஆட்டைக் கொழுக்கவைத்து விற்பார்கள்; கம்பெனியை மெலியவைத்து விற்க வேண்டுமாம். இந்தத் தத்துவத்தை எங்களுக்கு அருளியவர் லண்டன் அனுப்பிவைத்த ஹ்யூகோ. அதற்கு முன் ஒரு நாய்த்தீனிக் கம்பெனியை மெலியவைத்த அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் முன்னால் 'புண்' என்று சொல்லக்கூடாது. 'தோல் சார்ந்த சவால்' என்று சொல்ல வேண்டும்.

முதல் கூட்டத்திலேயே அவருடைய மேதைமை பளிச்சிட்டது.

"ஒரு நர்ஸ் ஒரு வீட்டுக்குப் போனா எவ்வளவு நேரமாகுது?" என்று கேட்டார்.

"பழைய கட்டைப் பிரிக்கணும், கழுவணும், புதுசு கட்டணும். முக்கால் மணி நேரம் ஆகும்," என்றாள் கெய்னர். அவள் எங்கள் மூத்த நர்ஸ். என்னோடு ஒரே பள்ளியில் படித்தவள். அப்போதிருந்தே வாய் அதிகம்.

"போனதும் முதல்ல என்ன செய்வீங்க?"

"எப்படி இருக்கீங்கன்னு கேப்போம்."

"அருமை! அதை மட்டும் வெச்சுக்குவோம். அதுக்கு எதுக்கு நேர்ல போகணும்? போன்லயே கேட்டுக்கலாம்."

"அப்ப கட்டு மாத்தறது?"

"போன்ல எப்படிங்க கட்டு மாத்த முடியும்?" என்றார் ஹ்யூகோ, குழந்தைக்குப் புரியவைக்கும் பொறுமையோடு.

இப்படித்தான் 'தொலைவழிக் கனிவு' என்ற திட்டம் பிறந்தது. நோயாளியைக் கூப்பிட்டு அந்தக் கேள்வியைக் கேட்போம். குறை இல்லை என்று அவர் வாயாலேயே சொன்னால் 'குணமடைந்தார்' என்று பதிந்து வழியனுப்பிவிடுவோம்.

எங்கள் ஊர்ப் பண்பாடு இத்திட்டத்துக்குப் பெரிய கொடை. 'எப்படி இருக்கீங்க?' என்று கேட்டால் சாண்டில்தோர்ப்பில் எவனும் உண்மை சொல்லமாட்டான். வீடு பற்றி எரிந்தாலும், "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கு, குறை சொல்றதுக்கில்ல" என்பான். இருமி இருமி ரத்தம் வந்தாலும் "குறை சொல்றதுக்கில்ல" என்பான். மூன்றே மாதத்தில் ஊரில் பாதிப் பேரைக் குணப்படுத்திவிட்டோம். ஆட்குறைப்புக்கு வசதியாக இருந்தது.

அவர்களில் ஒருவர் ட்ரெவர் ஸ்கெல்டன். கோடைக்காலத்தில் கடற்கரையில் குழந்தைகளைக் கழுதைமேல் ஏற்றி நடத்திக்கொண்டு போவது அவர் தொழில். வயதாகி எல்லாக் கழுதைகளையும் விற்றுவிட்டு, ட்யூக் என்ற கிழட்டுக் கழுதையை மட்டும் கூட வைத்துக்கொண்டிருந்தார். மாலையில் அதோடு மணலில் நடப்பதுதான் அவருக்கு மிச்சமிருந்த ஒரே சுகம். இடது கணுக்காலுக்கு மேலே ஒரு தோல் சார்ந்த சவால். அவரை நானே கூப்பிட்டேன்.

"ட்ரெவர், எப்படி இருக்கீங்க?"

"குறை சொல்றதுக்கில்ல தம்பி. நீ எப்படி இருக்கே?"

"நானும் அப்படித்தான்."

"கெய்னர் பொண்ணு ரெண்டு வாரமா வரலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா? அவளைத் தொந்தரவு பண்ணாதே. முடியறப்ப வரட்டும்."

மனம் குளிர்ந்து 'குணமடைந்தார்' என்ற பொத்தானை அமுக்கினேன்.

மறுநாள் கெய்னர் என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"டேய் ரஸ்ஸல், ட்ரெவருக்குக் குணமாயிட்டுதுன்னு எப்படிடா போட்டே?"

"அவரே சொன்னாரு."

"பொண்டாட்டி செத்த அன்னிக்கும் அந்த மனுஷன் அதைத்தான்டா சொன்னாரு! எலும்பு தெரியுதுடா அந்தப் புண்ணுல. இறுக்கிக் கட்டு போடலேன்னா காலே போயிரும்."

"நோயாளி சொல்றதை நம்பாம இருக்கறது அவருக்குச் செய்யற அவமரியாதை."

"நீ இந்த ஊர்லதானே பொறந்தே? இல்ல வானத்துலேருந்து குதிச்சியா?"

புகார் இருந்தால் முறைப்படி தரலாம் என்று நினைவூட்டினேன். எங்கள் புகார் விதி எளிமையானது. நோயாளியே நேரில் வர வேண்டும். அலுவலகம் இரண்டாம் மாடி, லிஃப்ட் பழுது. ஏறி வர முடிந்தவருக்கு உடம்பு நன்றாக இருக்கிறது என்று பொருள், ஆகவே புகாருக்கு இடமில்லை. ஏற முடியாதவர் வருவதில்லை, ஆகவே புகாரே இல்லை. இதையும் நான்தான் வகுத்தேன்.

கெய்னர் அடங்கவில்லை. வேலை முடிந்தபின் ட்ரெவர் வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டிருக்கிறாள். குணமான காலில் கம்பெனிக் கட்டுத்துணியை வீணடித்த குற்றத்துக்காக அவளை வேலையிலிருந்து நீக்கினோம். அதற்குப் பிறகும் சொந்தக் காசில் வாங்கிய கட்டுத்துணியோடு போனாளாம். ட்ரெவர் கதவைத் திறக்கவில்லை.

"என்னாலதான் உனக்கு வேலை போச்சு, இன்னும் வம்பு வேணாம், போ கண்ணு," என்று ஜன்னல் வழியாகச் சொல்லியிருக்கிறார்.

"ஆஸ்பத்திரிக்காவது போங்களேன்."

"நல்லா இருக்கேன்னு அந்தத் தம்பிகிட்டச் சொல்லிட்டேனே! இப்ப மாத்திச் சொன்னா அவனுக்குச் சங்கடமா இருக்காது?"

இப்படிப்பட்ட நோயாளிகள் கிடைக்க ஒரு கம்பெனி தவம் செய்திருக்க வேண்டும்.

கோடை முடியும் சமயம், எங்களை வாங்க இன்னொரு முதலீட்டு நிறுவனத்தார் வந்தார்கள். குணமான நோயாளி ஒருவரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார்கள். ஒருநாளும் குறை சொல்லாதவர் என்பதால் ட்ரெவரைத் தேர்ந்தெடுத்தேன். கழுதையோடு கடற்கரையில் அவர் நடந்து வரவேண்டும், புகைப்படம் எடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மறுத்தால் நாலு பேருக்குத் தொந்தரவு என்று ட்ரெவரும் வந்துவிட்டார், முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருக்க.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார்கள். கற்பூரம் எப்படியோ, காலின் வாசனை ட்யூக்குக்குத் தெரிந்தது. ட்ரெவர் இடது பக்கம் வந்து நின்றதும் மூக்கைத் திருப்பிக்கொண்டு நகர மறுத்தது. அந்த மாதத்தில் ட்ரெவரின் காலை நேரில் பரிசோதித்தது அது ஒன்றுதான்.

"கழுதைக்கு என்ன ஆச்சு?" என்றார் வாங்க வந்தவர்.

"வெக்கப்படுது," என்றேன்.

ஹ்யூகோ ட்ரெவரின் தோளில் கை போட்டார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க ட்ரெவர், எப்படி இருக்கீங்க?"

"குறை சொல்றதுக்கில்ல," என்று சொல்லிவிட்டு ட்ரெவர் மணலில் சரிந்தார். அதற்குள் புகைப்படம் எடுத்தாகிவிட்டது.

கம்பெனி நல்ல விலைக்குப் போனது. ட்ரெவரின் கால் முழங்காலுக்குக் கீழே போனது. ஆண்டறிக்கையில் அதை வெற்றியாகவே சேர்த்தோம்: அந்தப் புண் இனி ஒருபோதும் திரும்ப வராது.

ஒரு காலையில் படிக்கட்டில் டக், டக் என்று சத்தம் கேட்டது. இரண்டு ஊன்றுகோல்களில் ட்ரெவர் ஏறி வந்துகொண்டிருந்தார், பின்னால் அவரைத் தாங்கியபடி கெய்னர். எங்கள் வரலாற்றில் புகார் பிரிவுவரை வந்து சேர்ந்த முதல் நோயாளி அவர்தான். புகார் பிரிவும் நானே என்பதால் எழுந்து நின்று வரவேற்றேன். 'ஒரே காலில் இரண்டு மாடி ஏறினார். நடமாட்டம் மிகச் சிறப்பு' என்று குறித்துக்கொண்டேன்.

"என்ன சொல்லணும்னு படிக்குப் படி சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டு வந்திருக்கேன்," என்றாள் கெய்னர். "சொல்லுங்க ட்ரெவர். எல்லாத்தையும் சொல்லுங்க."

விதிப்படி முதல் கேள்வியைக் கேட்டேன். "எப்படி இருக்கீங்க, ட்ரெவர்?"

மூச்சிரைத்துக்கொண்டிருந்த மனிதரின் வாய் முந்திக்கொண்டது. "குறை சொல்றதுக்கில்ல தம்பி."

"ஐயோ, குறை சொல்லத்தானே இத்தனை படி ஏறி வந்தோம்!" என்று கெய்னர் தலையில் அடித்துக்கொண்டாள். ட்ரெவர் தன் காலியான கால்சட்டைக் குழாயைப் பார்த்தார். கண் கலங்கியது. அப்போதும் மரியாதை தவறவில்லை.

"நீ எப்படி இருக்கே, தம்பி?"

"குறை சொல்றதுக்கில்ல," என்றேன், இரண்டு கால்களையும் நன்றாக ஊன்றிக்கொண்டு. கம்பெனி விற்ற பணத்தில் என் பங்கு வந்து சேர்ந்திருந்தது. அந்த அறையில் அந்த வார்த்தையைப் பொய்யில்லாமல் சொன்னவன் நான் ஒருவன்தான்.