மலக்கி தூக்கிய நாற்காலி

இந்த ஹாலோவீனுக்கு மனைவி டிம்ப்னாவை ஏமாற்றியே தீருவது என்று மலக்கி முடிவு செய்தான். பதினொரு வருஷக் குடித்தனத்தில் அவன் எடுத்த நாற்பதாவது முடிவு இது. முந்தைய முப்பத்தொன்பதின் கதியும் அந்த ஐரிஷ் தீவில் எல்லாருக்கும் தெரியும்.

எல்லாம் ஒரு நாற்காலியால் வந்தது. கணப்புக்குப் பக்கத்தில் கிடந்த அவன் அப்பா காலத்து நாற்காலி. ஒரு காலுக்குச் செங்கல் முட்டு. நடுவில் ஒரு ஸ்பிரிங் வெளியே நீட்டி, உட்காருகிறவர்களைக் குசலம் விசாரிக்கும். அதில் எப்படிச் சாய்ந்தால் குத்தாது என்பது உலகத்திலேயே மலக்கி ஒருவனுக்குத்தான் தெரியும்.

“நாளைக்குச் சாயங்காலம் மேட்டுல தீ மூட்டுறாங்க. ஊர்ல இருக்கிற பழசெல்லாம் போகுது. இதுவும் போகும்” என்றாள் டிம்ப்னா.

“அது எங்கப்பா உட்கார்ந்த நாற்காலி!”

“உங்கப்பாவே எழுந்து போயிட்டாரு. இது மட்டும் எதுக்கு?”

“செத்தவங்க வீட்டுக்கு வர்ற நாள், டிம்ப்னா. அப்பா வந்தா எங்க உட்காருவாரு?”

“நின்னுக்கட்டும். உயிரோட இருந்தப்பவே அதுல உட்கார்ந்துதான் முதுகு போச்சு.”

இதற்கு மேல் வாயால் ஜெயிக்க முடியாது. ஆனால் வாயைத் திறக்காமல் ஜெயிக்க ஒரு வழி இருந்தது. அந்தத் தீவில் ஹாலோவீன் அன்று வளர்ந்தவர்களும் வேஷம் போடுவார்கள். தலை முதல் கால் வரை மூடிக்கொள்வார்கள். பேசமாட்டார்கள், பேசினால் ஆள் தெரிந்துபோகும். வேஷக்காரன் வாசல் கேட்டைக் கழற்றிக்கொண்டு போனாலும், வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாலும் அன்றைக்கு யாரும் கேட்கக்கூடாது. போன வருஷம் பாதிரியாரின் கேட் படகுத்துறையில் கிடைத்தது.

ஆக, வேஷம் போட வேண்டியது. சொந்த வீட்டுக்குள் நுழைந்து நாற்காலியைத் தூக்க வேண்டியது. நண்பன் பீதர் வீட்டுக் கொட்டகையில் ஒளிக்க வேண்டியது. ‘ஐயோ, எவனோ தூக்கிட்டுப் போயிட்டானே’ என்று மறுநாள் அழ வேண்டியது. வெயில் காலம் முடிந்து குளிர் காலம் நுழையும் இந்த ஒரு நாளில் பேய்கள் நடமாடும், அவற்றுக்கு அடையாளம் தெரியக்கூடாது என்றுதான் அந்தக் காலத்து ஆட்கள் இந்த வேஷத்தையே கண்டுபிடித்தார்கள். பேயை ஏமாற்றிய வேஷம். டிம்ப்னா எம்மாத்திரம்?

ஹாலோவீன் சாயங்காலம், “பீதரோட பசு கன்னு போடப் போகுது. கூட இருக்கச் சொன்னான்” என்று கிளம்பினான் மலக்கி.

“பத்திரமா போயிட்டு வா” என்றாள் டிம்ப்னா. ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அப்போதே அவன் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பரண் பெட்டியிலிருந்து எடுத்து ஒளித்து வைத்திருந்த ஒரு பூப்போட்ட பாவாடையைச் சுவர் மறைவில் கட்டிக்கொண்டான். தலையில் ஓட்டை போட்ட மாவுச் சாக்கு. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால், பக்கத்து வீட்டு நோரின் உட்கார்ந்து பழரொட்டி தின்றுகொண்டிருந்தாள். நாய் ஓடி வந்து அவன் பூட்ஸை நக்கி, மல்லாந்து படுத்து வாலை ஆட்டியது.

“இந்த நாய்க்கு வெட்கமே கிடையாது. யாருன்னே தெரியாதவன்கிட்ட எப்படிக் குழையுது பாரு” என்றாள் டிம்ப்னா.

“யாரா இருக்கும்? பீதரா?” என்றாள் நோரின்.

“பீதருக்கு ஏது இவ்வளவு தொந்தி?”

மலக்கி வயிற்றை உள்ளே இழுத்தான்.

“உன் வீட்டுக்காரனா இருக்கப் போறான்டி.”

“சேச்சே! மலக்கி மாட்டுக்குப் பிரசவம் பார்க்கப் போயிருக்கான். என்கிட்ட அவன் பொய்யே சொல்லமாட்டான்.”

சாக்குக்குள் இரண்டு காதும் சுட்டன. டிம்ப்னா டீ கொடுத்தாள். சாக்கைக் கொஞ்சம் தூக்கிக் குடித்தான். சரியாக அவனுக்குப் பிடித்த இனிப்பு. அடுத்து நேராகப் போய் நாற்காலியைக் கட்டிப் பிடித்தான்.

“அட! தீ மூட்டுறவங்க அனுப்பின ஆளா நீ?” என்று டிம்ப்னா கையைத் தட்டினாள். “யாரைக் கூப்பிடுறதுன்னு இப்பதான் யோசிச்சிட்டிருந்தேன்!”

மலக்கி இல்லை இல்லை என்று தலையை ஆட்டினான்.

“பாரு நோரின், கூலிகூட வேண்டாங்கறான்.”

இன்னும் பலமாக ஆட்டினான்.

“இன்னொரு டீயும் வேண்டாமாம். தங்கமான ஆளு. நட, நாங்க விளக்குப் பிடிக்கிறோம்.”

டர்னிப் கிழங்கைக் குடைந்து செய்த விளக்கோடு பெண்கள் முன்னால் போக, முதுகில் நாற்காலியோடு அவன் பின்னால் போனான். ஸ்பிரிங் வழியெல்லாம் தோளைக் குத்தியது. பீதர் வீட்டுப் பக்கம் மெல்லத் திரும்பினான்.

“அந்தப் பக்கம் இல்லப்பா, இந்தப் பக்கம்” என்றாள் டிம்ப்னா.

மேட்டில் தீவே கூடியிருந்தது. வாயைத் திறந்தால், பாவாடை கட்டிக்கொண்டு சொந்த நாற்காலியைத் திருடிய மலக்கி என்று பேரன் காலம் வரை சொல்லுவார்கள். திறக்காவிட்டால் அப்பாவின் நாற்காலி போய்விடும். “சீக்கிரம்பா, குளிருது” என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு தீயில் போட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். ஸ்பிரிங் டொய்ங்கென்று தெறித்து, கடைசியாக ஒருமுறை குசலம் கேட்டது.

வேஷத்தைக் கலைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத முகத்தோடு வீட்டுக்கு வந்தான். கணப்புப் பக்கத்தில் ஒரு புது நாற்காலி இருந்தது. பச்சை மெத்தை, அகலக் கைகள்.

“போன வாரமே படகுல வந்துடுச்சு. நோரின் வீட்டுல ஒளிச்சு வெச்சிருந்தேன். உட்காரு.”

உட்கார்ந்தான். எதுவும் குத்தவில்லை. அவ்வளவு சுகமாக இருந்ததுதான் அவனுக்கு வருத்தம். நிமிர்ந்தால், கணப்புக்கு மேலே ஒரு மரக்கட்டை இருந்தது. பழைய நாற்காலியின் இடது கை. சாக்கை மாட்டிக்கொண்டு இருட்டில் தூக்கிப் போனபோது அவன் ஒரு கை குறைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“உங்கப்பா பைப்பைத் தட்டித் தட்டிக் கருத்துப்போன இடம் அதுலதான் இருக்கு. எரிக்க மனசு வரல. மத்தியானமே அறுத்துட்டேன்” என்றாள் டிம்ப்னா.

மலக்கி மூக்கை உறிஞ்சினான்.

“கன்னு என்ன, காளையா, கிடேரியா?”

“ம்... கிடேரி.”

டீ வந்தது. ஒரு வாய் குடித்தவன் கோப்பையையே பார்த்தான். அதே இனிப்பு.

“மூணு கரண்டி” என்றாள் டிம்ப்னா. “அந்த ஊமைக்கும் அதேதான் போட்டேன். நாளைக்கு என் பாவாடையைத் துவைச்சுப் போட்டுடு, புகை நாத்தம் அடிக்குது.”