ஒற்றையடிப் பாதைக்கு வேலி

மனிதப் புவியியல் என்பது மனிதர்கள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள் என்று ஆராயும் பாடம். அதை மேல்நிலை வகுப்புக்கு எடுத்துவந்த வாத்தியார், வீட்டையும் பள்ளியையும் தவிர வேறெங்கும் போனவரில்லை. அந்தத் தகுதியோடுதான் இத்தனை காலமும் கொடி கட்டிப் பறந்தார்.

அப்படியிருக்கையில், 'கள ஆய்வு நடத்தாத பாடங்கள் மூடப்படும்' என்று கல்வி அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. இந்தப் பாடம் போனால் வாத்தியார் கைவசம் வேறு வித்தை கிடையாது.

அவர் வகுப்பிலேயே படித்த மகள்தான் ஜன்னலுக்கு வெளியே கை காட்டினாள். கல் பாவிய நடைபாதை மைதானத்தைச் சுற்றிக்கொண்டு போக, எல்லோரும் குறுக்கே நடந்து நடந்து புல்லில் ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தது.

"களம் காலடியிலேயே கிடக்குப்பா."

"வகுப்புல சார்னு சொல்லு."

பிள்ளைகள் பாதையை அளந்தார்கள். நடந்தவர்களை மறித்து விசாரித்தார்கள். மறிக்கப்பட்டவர்களில் வாத்தியாரும் உண்டு. கல்வி அதிகாரி வந்து பார்த்து உருகிப்போனார்.

"அரிய கல்விச் சொத்து! யாரும் மிதிச்சுக் கெடுத்துடக் கூடாது. வேலி போடுங்க."

"மிதிச்சதாலதானே சார் அது பாதையாச்சு?" என்றாள் மகள்.

"நல்ல கேள்வி," என்றார் அதிகாரி. நல்ல கேள்விகளுக்கு அவர் பதில் சொல்வதில்லை.

வேலி வந்தது. ஜனங்கள் வேலியோரமாக நடந்து புதுப் பாதை போட்டார்கள். அதுவும் அரிய சொத்தாயிற்று, அதற்கும் வேலி. இப்படியே மைதானம் முழுக்க வேலியாகி, பாதையெல்லாம் புல் மண்டியது. மறு ஆய்வுக்கு வந்த அதிகாரி திடுக்கிட்டார்.

"ஏன் யாருமே நடக்கறதில்ல?"

வேலி என்று சொல்ல வாத்தியார் வாயெடுத்தார். பாடம் மூடப்படும் காட்சி கண்முன் வந்து நின்றது.

"மக்கள்தொகை குறைஞ்சிருக்கும், சார்."

"அதேதான்!"

பாடம் பிழைத்தது. அதே கேள்வி தேர்விலும் வந்தது. மகள் 'வேலி' என்று எழுதியிருந்தாள். வாத்தியார் மனதைக் கல்லாக்கிக்கொண்டு பூஜ்யம் போட்டார்.

"நான் எழுதினது தப்பாப்பா?"

"சரிதாம்மா. ஆனா விடை அதில்ல."

மறுநாள் அப்பாவும் மகளும் மைதானத்தைச் சுற்றி மூச்சு வாங்க வந்து சேர்வதற்குள் மணி அடித்துவிட்டது. படியில் தலைமையாசிரியை நின்றிருந்தார்.

"ஏன் லேட்டு?"

வாத்தியார் தொண்டையைச் செருமினார். மகள் முந்திக்கொண்டாள்.

"மக்கள்தொகை குறைஞ்சிடுச்சு, மேடம்."

தலைமையாசிரியை திருப்தியோடு வழிவிட்டார். வாத்தியாரும் மகள் பின்னாலேயே படியேறினார். முழு மதிப்பெண் விடையாயிற்றே!