மேல் டேராவும் தரை டேராவும்

அரசாங்க அதிகாரி ஒருவர் வெளியூரில் தங்கும்போது பூமியிலிருந்து எவ்வளவு உயரத்தில் படுக்க வேண்டும் என்று எழுபதுகள் பிறக்கும்வரை காரைக்குடியில் யாரும் கவலைப்பட்டதில்லை. அந்தக் கவலையைத் தொடங்கிவைத்த பெருமை, செக்காலையில் இயங்கிவந்த கண்மாய்க் கரை கண்காணிப்பு அலுவலகத்தின் அதிகாரி செம்மலையையே சேரும்.

கிளப்பில் யாரோ போட்டுவிட்டுப் போன வெளிநாட்டுப் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தார். ஜீப்பின் தலைமேல் கூடாரம். அதற்குள் ஒரு துரை காலை நீட்டிக்கொண்டு தேநீர் குடிக்கிறார். செம்மலைக்கு அன்று சோறு இறங்கவில்லை. இத்தனை வருஷமும் முகாம் போன இடமெல்லாம் தவளைக்குச் சமமாகத் தரையில் படுத்திருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

இனி முகாமுக்கு ஜீப்மேல்தான் கூடாரம் என்றார். தலைமை எழுத்தர் மலையாண்டி ஒப்பவில்லை.

"தரையில் முளை அடித்தால்தான் ஐயா அது கூடாரம். வண்டிமேல் ஏற்றியதெல்லாம் விதிப்படி சரக்கு. ஐயாவைச் சரக்கு என்று எழுத எனக்குக் கை வராது."

"உள்ளே நான் விழித்துக்கொண்டிருந்தால்?"

"விழித்திருக்கும் சரக்கு, ஐயா."

அந்த நேரம் பார்த்துக் காளையார்கோவில் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது. மடையோரம் கரை கசிகிறது, மழை வலுக்குமுன் வந்து பார்க்கவேண்டும் என்றார்கள். அதிகாரிக்கும் எழுத்தருக்கும் ஒரே மகிழ்ச்சி. இரண்டு கூடாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சோதித்துப் பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் ஏது? ஜீப்பின்மேல் இரும்புக் கால் நிறுத்தி, பலகை அடித்து, ஏணியும் செய்து கொடுத்தார் தச்சர் ஆசைத்தம்பி. டிரைவர் ஜீப்புக்குக் கீழே படுப்பது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

கரைக்குக் கீழே மாமரத்தடியில் முகாம் இறங்கியது. சம்சாரி பெரியகருப்பன் ஓடிவந்தார்.

"நல்ல நேரத்துல வந்தீகய்யா. அந்தா, அங்குட்டுத்தான் மடை. ஒரு எட்டு வந்து பாத்துருங்க."

"முகாம் இன்னும் முறைப்படி நிலைபெறவில்லை. அதற்குமுன் பார்த்தால் அது பார்த்ததாக ஆகாது."

செம்மலை ஏணியேறி அமர்ந்தார். முகாம் நிலைபெற்றது.

"இப்பப் போவமாய்யா? ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க."

"கூடாரம் ஏறிய ஜீப் நகரக்கூடாது."

"அப்ப நடந்து வாங்க."

"ஜீப் கொடுக்கப்பட்ட அதிகாரி நடந்தால், அவருக்கு ஜீப் எதற்கு என்று மேலிடம் கேட்கும்."

பெரியகருப்பன் தரைக்கூடாரத்துக்குள் குனிந்தார். "எழுத்தரய்யா, நீங்களாச்சும் வாரீகளா?"

"நான் எழுந்தால் ஆடு புகுந்துவிடும். ஆடு புகுந்தால் கூடாரம் கொட்டில் ஆகிவிடும்."

"கரை பிச்சுக்கிட்டா கொட்டிலுமில்ல, கூடாரமுமில்ல!" என்று கத்தினாள் மண்சுமக்க வந்த காளியம்மாள். கத்திவிட்டு, வேடிக்கை தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள்.

தூறல் விழுந்தது. மாமரத்து முசுறு எறும்புகள் செம்மலையின் கழுத்துவழியாக உள்ளே இறங்கின. அவர் நெளிந்துகொண்டே, "மேலே நல்ல காற்று!" என்றார். கூடாரக் கயிறு ஒன்றை ஆடு தின்று முடித்திருந்தது. மலையாண்டி சாய்ந்த கம்பைத் தோளில் தாங்கிக்கொண்டு, "இங்கே பரம சுகம்!" என்றார். கரைக்கு மண் போடக் கிளம்பிய சனமெல்லாம் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு, மேல் டேரா, தரை டேரா என்று இரண்டு கூடாரத்துக்கும் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. பெரியகருப்பனே தரைக் கட்சிக்குத் தொண்டை கட்டக் கத்தினார்.

உச்சிப்பொழுது சாய்ந்ததும் கரை உடைந்தது.

ஜீப்புக்கடியில் கிடந்த டிரைவரோடு சனம் மேட்டுக்கு ஓடித் தப்பியது. நெல்வயல் முழுகியது. ஏணி போயிற்று. இடுப்பளவு தண்ணீருக்கு நடுவில், பலகைமேல் ஆறாத எறும்புக்கடியோடு செம்மலை எழுந்து நின்றார்.

"மலையாண்டி! மேல்கூடாரமே உயர்ந்தது! நிரூபணம் ஆகிவிட்டது!"

மலையாண்டி தன் கூடாரத்தோடு மிதந்துபோய்க் கருவேல மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார். "ஐயாவின் ஜீப் நின்ற இடத்தில் நிற்கிறது. என் கூடாரம்தான் இவ்வளவு தூரம் பயணம் வந்திருக்கிறது. இதில் எது வாகனம், ஐயா?"

தண்ணீர் வடிந்தபிறகு மேலதிகாரி விசாரணைக்கு வந்தார். செம்மலையும் கூடவே வந்தார். ஊர்க்காரன் ஒருவன் கரை என்று வாயைத் திறந்தால் போதும், வேலை போய்விடும்.

"உங்களுக்கு என்ன வேண்டும்? தயங்காமல் சொல்லுங்கள்" என்றார் மேலதிகாரி.

"மேல் டேரா!" என்றது ஒரு கூட்டம். "தரை டேரா!" என்றது மற்றொன்று. வாய்ச்சண்டை கைகலப்பானது, பெரியகருப்பனின் வேட்டி கிழிந்தது. இந்த ஊரில் கரையைப் பற்றி ஒரு குறையும் இல்லை என்று மேலதிகாரி மனநிறைவோடு கிளம்பினார்.

அப்போது காளியம்மாள் குறுக்கே வந்து மறித்தாள். செம்மலை மேலதிகாரியின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"ஐயா, மேல் டேராவே குடுங்க. ஆனா ஏணி ரெண்டா இருக்கணும். எங்க நாத்தனா ஏறுன ஏணியில நான் ஏறமாட்டேன்."