மோட்டாருக்கு வந்த குறுஞ்செய்தி

ஒரு போன் கம்பெனியைத் தனியாளாக நின்று நஷ்டப்படுத்த முடியும் என்றால் அதை எங்கள் மிஸ்டு கால் அண்ணன் எப்போதோ செய்து முடித்திருப்பார். போன் வாங்கிப் பதினைந்து வருஷம். அதில் பேசினதை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு டீ ஆறாது.

அவருக்குச் சொந்தப் பெயர் உண்டு. ரேஷன் கார்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் மிஸ்டு கால்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். பனமரத்துப்பட்டி போகிற ரோட்டில் கடை. எரிந்துபோன மோட்டாரைக் கொண்டுவந்து போடுவார்கள், பழைய கம்பியை உருவிப் புதுக்கம்பி சுற்றிக் கொடுப்பேன். அவருக்கு மட்டும் மூன்று தரம் சுற்றியிருக்கிறேன். அதனால் என் பெயரும் போய்விட்டது. அவருக்கு நான் 'காயிலு'.

அவர் போனுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஒரு ரிங் அடித்து வைத்தால் 'வந்து சேர்ந்துட்டேன்.' இரண்டு அடித்தால் 'உலை வை.' மூன்று அடித்தால் 'இருக்கற வேலையப் போட்டுட்டு உடனே வா.' நாலாவது கிடையாது. நாலு தரம் அடிக்கிற அளவுக்கு மனுசனுக்கு என்ன சேதி இருக்கிறது என்பார்.

யாராவது அவசரப்பட்டு எடுத்துவிட்டால் போச்சு.

"எதுக்கு எடுத்த?"

"நீங்கதானுங்க அடிச்சீங்க."

"அடிச்சா எடுத்துப்போடறதா? அறிவில்ல?"

கால் எல்லாம் இலவசம் என்று வந்த பிறகும் இதே கதைதான். "இன்னிக்கு ஓசிம்பான். நாளைக்குப் பேசினதுக்கெல்லாம் சேத்து வந்து கேப்பான்" என்றார். கேட்கிறவன் இன்னும் வரவில்லை. அவர் காத்துக்கொண்டிருக்கிறார்.

ஒரு தரம் சேலம் போயிருந்தார். திரும்பும்போது பஸ்ஸில் இருந்து உலை வைக்கச் சொல்லி இரண்டு அடித்தார். பள்ளத்தில் பஸ் குதித்தது. விரல் பட்டு மூன்றாவதும் போய்விட்டது. இங்கே அக்கா, அதாவது அவர் சம்சாரம், உலையை இறக்கிவைத்து, வீட்டைப் பூட்டி, அழுதுகொண்டே சேலத்துக்கு பஸ் ஏறிவிட்டார். இவர் வந்து பார்த்தால் பூட்டு. பசி. என் கடைக்கு வந்து உட்கார்ந்தார்.

"அக்காவுக்கு அடிச்சு விசயத்தச் சொல்லுங்கண்ணா."

"அடிச்சா எடுத்துப்போடுவாளே!"

சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தார். நான் அடித்துச் சொல்கிறேன் என்றதற்கும் விடவில்லை. அடுத்தவன் காசாம்.

இதெல்லாம் சிரிக்கிற கதை. இனி வருவதில் பாதிக்குச் சிரிக்க முடியாது.

அவருக்கு ஒரே பெண். சுகன்யா. சேலத்தில் காலேஜ் படித்தவள். அக்காவின் போனுக்கு சிம் வாங்கிப் போட்டதே அவள்தான். நாலு வருஷம் முன்னால் திருச்செங்கோட்டு ரிக்கு வண்டிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். ஊர் ஊராகப் போய் போர் போடுகிற வண்டி. பையன் நல்ல பையன். ஆனால் இவர் பார்த்த மாப்பிள்ளை இல்லை. வேறு காரணமும் உண்டு. எங்கள் பக்கத்தில் அதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

அவள் போன அந்த வாரம் இவர் ஒரு காரியம் செய்தார். அக்காவின் போனைப் பிடுங்கி சிம்மைக் கழற்றினார். அது ஊட்டு நெம்பர். பெண் கூப்பிட்டால் அதில்தான் கூப்பிடுவாள். போனை மேலே அட்டாலிப் பரணில் போட்டார். சிம்மைக் கையில் மூடிக்கொண்டு என் கடைக்கு வந்தார்.

"காயிலு, போன் அடிச்சா மோட்டாரு ஓடற டப்பா இருக்குதாமே. ஒண்ணு மாட்டு."

இருக்கிறது. ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டுகிற டப்பா. உள்ளே ஒரு சிம் போடவேண்டும். அந்த நம்பருக்கு மிஸ்டு கால் கொடுத்தால் மோட்டார் ஓடும். இன்னொன்று கொடுத்தால் நிற்கும். எங்கோ தூரத்தில் காடு தோட்டம் வைத்திருப்பவன் மாட்டுவான். இவர் கிணறு வீட்டுக்குப் பின்னால். எண்ணிப் பார்த்தேன், நாற்பது தப்படி.

"உங்களுக்கு எதுக்குங்கண்ணா இது?"

"அவ கூப்புட்டா மோட்டாருகிட்டப் பேசிக்கட்டும்."

மாட்டினேன். கேட்ட வேலையைச் செய்கிறவன் நான். அன்றைக்கு அந்த வேலை பிடிக்கவில்லை. செய்தேன்.

பத்து நாள் கழித்து சுகன்யா என் கடைக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, அம்மா நெம்பரு ரிங்கு போகுது, எடுக்கவே மாட்டீங்குது. அம்மா நல்லாருக்குதுங்களா?"

"அது இப்ப மோட்டாருல இருக்குது சாமி."

டப்பா விசயத்தைச் சொன்னேன்.

"அப்ப நான் அடிச்சா மோட்டாரு ஓடுதுங்களா?"

"ஓடுது."

"அம்மாவுக்குக் கேக்குமா?"

"நாப்பது தப்படிதான். கேக்கும்."

மறுநாள் பத்து மணிக்கு, மோட்டாருக்கு விடுகிற த்ரீ பேஸ் கரண்டு வந்தது. பத்தேகாலுக்கு மோட்டார் ஓடியது. பன்னிரண்டுக்கு நின்றது. அதற்கு மறுநாளும் அப்படியே. அக்கா கொல்லையில் துணி துவைக்கிற நேரம் பத்தேகாலுக்கு மாறியது. அழுக்குத் துணி இல்லாத நாளில் துவைத்த துணியையே மறுபடி துவைத்தார். என் கடையில் வந்து மகளோடு பேசுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அந்தாளுக்குத் தெரிஞ்சா ரெண்டு நாளு திங்கமாட்டாரு, வேண்டாஞ்சாமி" என்றார்.

திருச்செங்கோட்டில் இருந்து ஒரு பெண் தன் அப்பன் அரளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சினாள். அப்பன் டீக்கடையில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டார். "என்ற மோட்டாரு ஆட்டோமேட்டிக்குடா. கரண்டு வந்தா தானா ஓடும், தானா நிக்கும்."

பெண் மட்டும் அடித்திருந்தால் சரி. லோன் வேண்டுமா என்று கேட்கிற மெஷின்காரியும் அடித்தாள். அது மலிவு டப்பா, யார் அடித்தாலும் ஓடும். கோடையில் கிணறு வற்றிக் கிடந்தது. லோன்காரி ஒரு மதியத்தில் ஏழு தரம் அடித்திருக்கிறாள். மோட்டார் வெறும் காற்றை உறிஞ்சிக் கருகியது. மூன்று தரம் என்றேனே, மூன்றும் லோன் கொடுக்க வந்தவளால்தான்.

மூன்றாம் தரம் நானே சொன்னேன். "டப்பாவ மாத்தறேனுங்கண்ணா. நாம போடற நெம்பருக்கு மட்டுந்தான் ஓடும். நெம்பரச் சொல்லுங்க."

தன் நம்பரைச் சொன்னார். சொந்த நம்பர்தான், ஆனாலும் இரண்டு இடத்தில் தப்பாகச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் படித்தார்.

"அவ்வளவுதானுங்களா?"

கிணற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு இன்னொரு நம்பர் சொன்னார். சீட்டு இல்லை. பத்து எண்ணையும் ஒரே மூச்சில்.

"இது ஆருதுங்க?"

"ஒரு நெம்பரு. போடுய்யா."

போட்டேன். யாருடையது என்று எனக்குத் தெரியும். என் போனிலேயே இருக்கிறது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம்தான் கம்பெனிக்காரன் பழைய நெட்வொர்க்கை மூடப்போகிறேன் என்றான்.

பழைய போன், பழைய சிம் எதுவும் இனி ஆகாது, மாத்திக்கொள்ளுங்கள் என்று ஆறு மாதமாகக் குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறான். எங்கள் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. ஏன் என்றால், பழைய சிம் எல்லாம் மோட்டாரில் இருந்தது. செய்தி எல்லாம் கிணற்றுக்குப் போனது. முப்பது கிணற்றுக்கு அவன் உஷார் சொல்லியிருக்கிறான். ஒரு கிணறும் யாரிடமும் சொல்லவில்லை.

மிஸ்டு கால் அண்ணனின் டப்பாவை ஒருநாள் துடைக்கக் கழற்றினேன். சிம்மை என் போனில் போட்டுப் பார்த்தேன். உள்ளே தேங்கியிருந்த செய்தி கடகடவென்று வந்து விழுந்தது. அவருக்குப் படித்துக் காட்டினேன்.

"அன்பான வாடிக்கையாளரே..."

"மோட்டாருகிட்ட என்னடா அன்பு அவனுக்கு?"

"மாசக் கடைசியோட பழைய டவர நிறுத்தறாங்களாமுங்க. சிம் மாத்தோணுமாம்."

"எல்லாம் போனு விக்கற வேலை. நிறுத்தட்டும் பாக்கலாம்."

டீக்கடையில் போய் யாரும் சிம் மாத்தக்கூடாது என்று பேசினார். கட்சி ஆரம்பிக்காத குறை. நாலு பேர் தலையாட்டினார்கள். ஐந்தாவது ஆள் கெடுத்தான். "அயோத்தியாப்பட்டணத்துல போன வாரமே நிறுத்திட்டானுங்க. என்ற சகலை போனு செத்துக் கெடக்குது. அடிச்சா ஊ-ன்னுகூடச் சொல்லமாட்டீங்குது."

இவர் முகம் மாறியது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார். அவர் டீயை மிச்சம் வைத்ததை அன்றைக்குத்தான் ஊர் பார்த்தது.

"ஏனுங்க, நாப்பது தப்படி நடந்து மோட்டாரப் போட்டா காலு தேஞ்சுபோகுமா?" என்று ஒருவன் முதுகுக்குப் பின்னால் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. மோட்டார் வெறும் சாக்கு, காரணம் வேறு என்று எனக்குத் தெரியும்.

பஸ் நிறுத்தத்தில் கம்பெனிக்காரர்கள் குடை போட்டிருந்தார்கள். மேஜை, பேனர், நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். சிம்மைக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்தார், பொன் மாதிரி.

அந்தப் பெண் நம்பரைத் தட்டினாள். "இது சுகன்யாங்கற பேருல இருக்குதுங்க. அவங்க வந்து கைரேகை வெக்கோணும்."

"நான் அவ அப்பன்."

"அவங்கதானுங்க வரோணும்."

"என்ற ரேகைய எடுத்துக்கம்மா. ரத்தம் ஒண்ணுதான?"

"ரத்தம் ஒண்ணுங்க. ரேகை வேறங்க."

"இந்த மிசினுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"அது ஒண்ணுதானுங்க தெரியும்."

பின்னால் வரிசை சிரித்தது. "வரலீன்னா?" என்று கேட்டார்.

"இன்னும் ரெண்டு நாளுதானுங்க இருக்குது. அப்புறம் இந்த நெம்பரு போயிரும்."

சிம்மை மறுபடி முடிந்துகொண்டார். ரோட்டோரம் ஒரு லாரி நின்றது. அதன் பின்னால் போனார். ஒன்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன். இல்லை. போனை எடுத்தார். சீட்டைப் பார்க்காமல் பத்து எண்ணை அமுக்கினார். ஒரு ரிங். வைத்தார். மறுபடி ஒன்று. வைத்தார். மூன்றாவது அடிக்க விரலுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

நாலு வருஷம் பேசாத பெண். கூப்பிடுகிறபோதும் பேசவில்லை பாருங்கள், அந்த மனுசன்.

ஒன்று சொல்லவேண்டும். சிம் மாத்தினாலும் ஒன்றும் ஆகாது. அந்த டப்பா பழைய டவருக்குச் செய்தது. டவரை நிறுத்தினால் எந்த சிம் போட்டாலும் அது வெறும் டப்பாதான். எனக்கு இது தெரியும். நான் சொல்லவில்லை. யாரும் என்னைக் கேட்கவும் இல்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினாள் சுகன்யா. இடுப்பில் இரண்டு வயதுப் பெண் குழந்தை. இவர் குடைக்கு அந்தப் பக்கம் நின்றார். அவள் இந்தப் பக்கம். நடுவில் நீலக் கோட்டு.

"வந்துட்டாங்களான்னு கேளும்மா" என்றார், மூன்றடி தள்ளி நின்ற மகளைப் பற்றி.

"எதுர்ல நிக்கறாங்களேங்க."

"வெயிலுக்குக் கொழந்தயக் கொடைக்குள்ள நிறுத்தச் சொல்லு."

சுகன்யா கட்டைவிரலை மெஷினில் வைத்தாள். சிவப்பு விளக்கு. மறுபடி வைத்தாள். சிவப்பு. அவளுக்கு அங்கே தறிப்பட்டறையில் வேலை. நூல் முடிந்து முடிந்து விரல் வழவழத்துக் கிடந்தது. மூன்றாம் தரமும் சிவப்பு.

"ரேகை விழ மாட்டீங்குதுங்க. அழிஞ்சிருக்குது" என்றாள் நீலக் கோட்டு.

இவர் எட்டிப் பார்த்தார். அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குடையைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். தோள் துண்டை எடுத்தார். மகள் கையைப் பிடித்து விரலைத் துடைத்தார். கரி பிடித்த ஸ்டார்ட்டர் பாயின்ட்டைத் துடைக்கிற மாதிரி அழுத்தித் துடைத்தார்.

"நல்லா அமுத்து சாமி" என்றார்.

பச்சை விழுந்தது.

 குழந்தை அவர் துண்டைப் பிடித்து இழுத்தது. அவர் விடவில்லை. அதுவும் விடவில்லை. அந்தப் பிடிவாதம் எங்கே இருந்து வந்தது என்று கேட்கவேண்டியதில்லை.

மாசக் கடைசியில் டவரை நிறுத்தினார்கள். மறுநாள் பத்தரைக்கு என் கடைக்கு ஓடி வந்தார்.

"காயிலு, ஏமாத்திப்போட்டானுக! புது சிம்மு போட்டும் மோட்டாரு ஓடுல!"

"டப்பா பழசுங்கண்ணா. அது ஓடாது."

"மொதல்லயே தெரியுமா உனக்கு?"

"தெரியுமுங்க."

முறைத்தார். வாய் ஏதோ கெட்ட வார்த்தைக்குத் தயாரானது. வரவில்லை.

"புது டவருக்கு வேற டப்பா இருக்குதுங்க. மாட்டட்டுங்களா?"

"ஒண்ணும் வேண்டாம். சிம்மக் கழட்டிக் குடு."

கழற்றிக் கொடுத்தேன். அன்றைக்கே அக்காவுக்குப் புது போன் வாங்கினார்; அவருடையது வேறு கம்பெனி, பிழைத்துக்கொண்டது. ஊட்டு நெம்பர் ஊட்டுக்குப் போனது.

இப்போதும் பத்தேகாலுக்கு சுகன்யா கூப்பிடுகிறாள். அக்கா எடுத்துப் பேசுகிறார். துவைத்த துணிக்கு விடுதலை. இவர் பேசுவதில்லை. போன் அடித்ததும் எழுந்து நாற்பது தப்படி நடந்து மோட்டாரைக் கையால் போடுகிறார். அந்தச் சத்தம் போன் வழியாகத் திருச்செங்கோட்டுக்குக் கேட்கிறதாம். "அப்பா போட்டுட்டாருங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் அவள் மற்றதைப் பேசுவாளாம்.

மோட்டாரைப் போட்ட கையோடு எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கிறார். ஒரே ஒரு ரிங். 'வந்து சேர்ந்துட்டேன்.' கிணற்றடிக்குப் போனதுக்கு எதற்கு எனக்குச் சேதி என்று நான் கேட்டதில்லை. எடுப்பதும் இல்லை. எடுத்தால் திட்டுவார்.

பத்தரைக்குள் அது வராவிட்டால், சுற்றுகிற கம்பியை அப்படியே விட்டுவிட்டு வண்டிச் சாவியைத் தேடுகிறேன்.