மருமகன் தொடையில் இல்லாத குண்டு

சக்குபள்ளம்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து.

கர்த்தருக்குள் பிரியமான மருமகன் ஜோபிக்கு, மாமனார் பவுல்ராஜ் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை சிசிலி, மகள் எப்சிபா மூவரும் சுகம். அத்தைக்குப் பிரஷர் மாத்திரை பாதியாகக் குறைந்திருக்கிறது. மழை இந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு எடுக்கவில்லை. ஏலக்காய் முதல் பறிப்பு தொடங்கிவிட்டது. ஷார்ஜாவில் நீங்களும் உங்கள் கேம்பில் உள்ள அனைவரும் சுகமாயிருக்கத் தினமும் ஜெபிக்கிறோம். அனைவரும் என்ற வார்த்தையை ஒரு தடவை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். ஏன் என்று கீழே வருகிறது.

போன செவ்வாய்க்கிழமை போனில், "மாமா, இங்க என்னமோ நடக்குது. நாலு நாளா என்னைப் பாத்தா எல்லாரும் எந்திரிச்சு நிக்கிறாங்க. மேல் கட்டில்ல கெடந்த என்னைக் கீழ் கட்டிலுக்கு மாத்திட்டாங்க. காலுக்கு ஆகாதாம். யாரு காலுக்கு மாமா?" என்று கேட்டீர்கள். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது மாப்பிள்ளை. உங்கள் அறையில் எட்டுப் பேர், நீங்களோ போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள், நான் பதில் சொல்லியிருந்தால் எட்டுப் பேரும் கேட்டிருப்பார்கள். அதனால்தான் காகிதத்தில் எழுதி, வியாழக்கிழமை ஷார்ஜாவுக்குத் திரும்புகிற நம் சபை நர்ஸ் ஜெஸ்னா கையில், ஏலக்காய் டின்னோடு கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள்.

பூபதிராஜா என்று ஒருவர் வருவார், கேம்பில் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்துக்குத் தலைவர், லீவில் ஊருக்கு வரும்போது நீங்கள் பட்டாளத்தில் இருந்தது நிஜமா என்று விசாரிக்க வருகிறார், "உள்ளதைச் சொல்லுங்க மாமா, போதும்" என்று போன மாதமே சொல்லியிருந்தீர்கள். சங்கத்தில் பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பேரும் குண்டுமழையில் நனைந்தவர்கள், நீங்கள் மட்டும் பதினேழு வருஷம் பட்டாளத்தில் கோவேறு கழுதைகளைப் பார்த்துக்கொண்டேன் என்று சொன்னதால் உங்களைப் போலி என்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள் என்பதும், காவலாளிகளுக்குத் தலைவரான ஹெட் கார்டு வேலைக்கு ஆள் சொல்லும்படி மேனேஜர் அந்தச் சங்கத்தைத்தான் கேட்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஹெட் கார்டு ஆனால் தனி அறை, பேமிலி விசா. எப்சிபா அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. ஆனால் விசாவுக்கென்று போன வருஷம் எடுத்த போட்டோ பழசாகிவிட்டது என்று இந்த வருஷம் மறுபடியும் எடுத்துப் பைபிளுக்குள் வைத்திருக்கிறாள்.

உள்ளதைச் சொல்வது எனக்குப் பெரிய காரியமில்லை. முப்பத்தொரு வருஷம் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவன், வேலைக்கு வராத ஆளுக்கு ஒரு நாள்கூடச் செக்ரோலில் பேர் போட்டதில்லை, என் சொந்தத் தம்பிக்கே ஆப்சென்ட் போட்டு அவன் என்னோடு இரண்டு கிறிஸ்துமஸ் பேசாமல் இருந்தான். அந்தத் தைரியத்தில்தான் இருந்தேன். நீங்கள் போன் செய்ததற்கு முந்தின வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. பச்சைப் புள்ளி போட்ட பட்டாளத்துப் பேன்ட், கறுப்புக் கண்ணாடி, முறுக்கு மீசை, கையில் பாதி கடித்த எலுமிச்சம்பழம். பூபதிராஜாதான், சொந்த ஊர் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சி, தேனி வழியாக வந்திருக்கிறார். பனிமலையில் பதினைந்து வருஷம் காவல் நின்றவரைக் குமுளி மலை வளைவுகள் மூன்று தடவை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்ட வைத்துவிட்டன என்று அவரே சொன்னார். "ஏனுங்க, ஜோபி ஊடு இதுதானுங்களா? அன்வேசணத்துக்கு வந்திருக்கறனுங்க" என்று மலையாளத்துச் சர்க்கார் வார்த்தையில் ஆரம்பித்து, அத்தை விழிப்பதைப் பார்த்து, "விசாரணைங்க" என்றும் சொல்லிக்கொண்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

நானும் உங்கள் டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். பட்டாளத்தில் நீங்கள் எடுத்துக்கொண்ட போட்டோவில் கழுதை முழுசாக இருக்கிறது, நீங்கள் தோளும் வாளியுமாகப் பாதிதான் இருக்கிறீர்கள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சர்டிபிகேட் கொட்டிலைச் சுத்தமாக வைத்திருந்ததற்குக் கொடுத்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் காயம் என்ற இடத்தில், இடது தொடை, கோவேறு கழுதை உதைத்தது என்று முத்திரை குத்தி எழுதியிருக்கிறது. பூபதிராஜா கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார். "அசல் பொஸ்தகம் இப்படி இருக்காதுங்க. எங்கிட்ட இருக்கறது தோலு அட்டைங்க, தங்க எழுத்துங்க. பதினஞ்சு வருசத்துல பட்டாளத்துல ஒரு கழுதையக்கூட நான் கண்டதில்லீங்க. செரி, எத்தனை பேரைச் சுட்டிருக்காருங்க?" என்றார். யாரையும் சுடவில்லை, மலை மேல் இருந்தவர்களுக்குக் கோதுமை மாவும் மண்ணெண்ணெயும் ஏற்றிக்கொண்டு போனார் என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எப்சிபா வந்து, "பிஜ்லி செத்தப்ப அவுக மூணு நாள் சாப்பிடலை" என்று பெருமையாகச் சொன்னாள். பிஜ்லி யார், கூட இருந்த சிப்பாயா என்று அவர் கேட்க, கழுதை என்று இவள் சொல்ல, அவர் நோட்டில் 'சந்தேகம்' என்று எழுதி அடியில் இரண்டு கோடு இழுத்தார்.

எப்சிபா காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அப்புறம் அடுக்களையில் ஒரு சத்தமும் இல்லை. பாத்திரத்தை உருட்டியிருந்தாலாவது எனக்குத் தெம்பாக இருந்திருக்கும். உங்கள் மாமாவின் முப்பத்தொரு வருஷத்துச் செக்ரோல் அந்த நிமிஷத்தில்தான் கெட்டது. "தம்பி, கழுதைன்னு எழுதியிருந்தாக் கழுதைன்னே படிச்சிட்டீகளா?" என்று கேட்டேன். எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. "அது ரகசியப் படை தம்பி. வெளியில அப்படித்தான் எழுதுவாக. அதான் மருமகனும் வாயத் தொறக்காம கழுதை கழுதைங்காக." அவர் பேனா நின்றது. "அப்ப அந்த உதைங்க?" என்று மெதுவாகக் கேட்டார். "குண்டு" என்றேன். எனக்கே வேர்த்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மீன் குழம்போடு உங்கள் அத்தை வந்தாள். முப்பது வருஷம் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர், என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, "குண்டு இன்னும் உள்ளதான் இருக்கு தம்பி. மழை வந்தா மருமகன் படுற பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்" என்றாள். கர்த்தரையும் சாட்சிக்கு இழுத்துவிட்டாள் மாப்பிள்ளை. அடுக்களையில் எப்சிபா சிரித்து, அதை இருமலாக மாற்றினாள். பூபதிராஜா எழுந்து நின்று உங்கள் போட்டோவுக்கு ஒரு சல்யூட் அடித்தார். போட்டோவில் முக்கால்வாசி கழுதைதான் என்பதால் அதற்கும் சேர்த்துத்தான். கப்பைக் கிழங்கில் கை வைக்கும் முன்பே சங்கத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் செய்தியும் போட்டுவிட்டார். உங்கள் கீழ் கட்டிலுக்குக் காரணம் இதுதான்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இத்தனை தாள் எழுதியிருக்க மாட்டேன். சாப்பிட்டதும் ஏலத்தோட்டம் பார்க்க வேண்டும் என்றார். உப்புப் பொட்டலம் எடுத்துக்கொள்ளச் சொன்னேன், எல்லையில் நின்றவனுக்கு எதற்கு உப்பு என்று மீசையை நீவிக்கொண்டார். நாலாவது வரிசையில் அவர் பேன்ட்டுக்குள் ஓர் அட்டை ஏறியது. ஒரே ஓர் அட்டை. அவர் போட்ட சத்தத்தில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கூடையை விட்டு ஓடிவந்தார்கள், ஆனை வந்துவிட்டது என்று நினைத்து ஒருத்தி மரத்தில் பாதி ஏறிவிட்டாள். இவர் மயங்கி ஏலச்செடி மேல் சாய்ந்துவிட்டார். நாலு பேராகத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோரில் சாக்கு விரித்துப் படுக்க வைத்து, அட்டைக்கு உப்பும் ஆளுக்குத் தண்ணீரும் போட்டோம். கண் விழித்ததும் பெண்களெல்லாம் போய்விட்டார்களா என்று பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்.

"ஏனுங்க, நானு பட்டாளமே இல்லீங்க" என்றார். "வாளையார்ல லாரி எடை போடற எடத்துல பதினோரு வருசம் நம்பரு எழுதிட்டிருந்தனுங்க. எல்லையில நின்னேன்னது பொய்யில்லீங்க, அது அந்த எல்லைங்க. ஏஜென்டுதானுங்க பட்டாளம்னு எழுதிக்க, அப்பத்தான் வேலைன்னான். அங்க போய்ப் பாத்தாச் சுத்தியும் நெசப் பட்டாளத்துக்காரங்க. ஒருத்தரு காஷ்மீருங்கறாரு, ஒருத்தரு பாராசூட்ல குதிச்சனுங்கறாரு. பயத்துலதானுங்க நானு பனிமலைக்குப் போனேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "உங்க மருமகன் கழுதைன்னதும் எனக்கு உசுரே வந்துச்சுங்க. நம்மளாட்டவே ஒருத்தரு இருக்காரு, பாவம் பொய் சொல்லக்கூடத் தெரியலைன்னு நெனச்சனுங்க. அதைக் கண்ணுல பாத்துட்டுப் போலாம்னுதானுங்க இந்த மலையேறி வந்தேன். கடேசில அவரும் நெசமுங்களா? நான் ஒருத்தன்தானுங்களா?" என்று மறுபடி அழுதார்.

எனக்கு என்னவோ செய்துவிட்டது மாப்பிள்ளை. அவரும் என்னைப் போல ஒரு ரைட்டர்தானே. பதினோரு வருஷத்தில் ஒரு லாரி நம்பரைக்கூடத் தப்பாக எழுதினதில்லை என்று சத்தியம் செய்தார், நான் நம்பினேன். நானும் உள்ளதைச் சொன்னேன். குண்டு இல்லை, ரகசியப் படை இல்லை, கழுதைதான், புத்தகம் அசல், மருமகன் சொன்னது எழுத்துக்கு எழுத்து நிஜம். அவர் எழுந்து உட்கார்ந்து, புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி மடியில் வைத்து, விரலை ஓட்டி ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "தோலு அட்டை இல்லீங்களே" என்று ஒரு தடவை சொன்னார். அப்புறம் கோவேறு கழுதை எத்தனை மூட்டை தூக்கும், பனியில் வழுக்காதா, பிஜ்லி என்ன நிறம் என்றெல்லாம் கேட்டார். எப்சிபா ஒரு மணி நேரம் உட்கார்ந்து பதில் சொன்னாள். நீங்கள் எங்களுக்குச் சொல்லாததெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் செய்தி போனது போனதுதான். "குண்டுன்னு போட்டாச்சுங்க, இனிக் கழுதைன்னா ரெண்டையும் நம்ப மாட்டாங்க. உங்க மருமகன் ஹெட் கார்டு ஆகறவரைக்கும் குண்டு குண்டாவே இருக்கட்டுங்க" என்றார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை. ஆகையால் மாப்பிள்ளை, இந்தக் கடிதம் கிடைத்த நாள் முதல் நீங்கள் இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்க வேண்டும். அதிகம் வேண்டாம், மாடிப்படியில் மட்டும் போதும். வருஷத்துக்கு இரண்டு நாள் அங்கே மழை பெய்யும் என்றீர்களே, அந்த இரண்டு நாளும் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள். யாராவது கேட்டால் பெருமூச்சு மட்டும் விடுங்கள், ஒன்றும் சொல்ல வேண்டாம், சொன்னால் நீங்கள் கழுதை என்று சொல்லிவிடுவீர்கள். வலது காலை இழுத்துவிடாதீர்கள். நான் அவரிடம் இடது என்றுதான் சொல்லியிருக்கிறேன். வேலைக்கு வராத ஆளுக்குச் செக்ரோலில் பேர் போட்ட பாவம் எனக்கே இருக்கட்டும், இன்று ஆராதனையில் போதகரைப் பார்க்க வெட்கமாயிருந்து நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்ததும் எனக்கே இருக்கட்டும்.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் உங்கள் இரண்டு கால்களையும், விசேஷமாக இடது காலையும் ஆசீர்வதிப்பாராக. அத்தை ஊறுகாய் வைத்திருக்கிறாள், எப்சிபா அன்பு சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உங்கள் பாவியான மாமனார்,
பவுல்ராஜ்.

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. கவரை ஒட்டுவதற்குள் கொழிஞ்சாம்பாறையிலிருந்து பூபதிராஜா போன் செய்தார். குண்டுச் செய்தி போனதிலிருந்து சங்கத்துப் பதினோரு பேரும், ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல், தனித்தனியாக அவரைக் கூப்பிட்டு, நெசமான ஆள் ஒருத்தர் வந்துவிட்டார், நான் மாட்டிக்கொள்வேன், நான் பட்டாளமே இல்லை, மற்றவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள். காஷ்மீர்க்காரர் பள்ளிக்கூட பேண்டில் டிரம் அடித்தவராம். பாராசூட்டில் குதித்தவர் குடைக் கடையில் இருந்தவராம். பதினோராவது ஆள் இன்று காலை அழுதிருக்கிறார். பூபதிராஜா அடுத்த வாரம் அங்கே திரும்பி வந்ததும் முதல் ஆளாகத் தன் கதையைச் சொல்லி, மீதிப் பேரையும் சொல்ல வைத்து, கையில் புத்தகம் உள்ள ஒரே ஆள் நீங்கள்தான் என்று மேனேஜரிடம் கூட்டிக்கொண்டு போவாராம். ஆக மாப்பிள்ளை, நான் மேலே எழுதியபடி நீங்கள் செய்தால், அந்தக் கேம்பில் பட்டாளத்தைப் பற்றிப் பொய் சொல்லுகிற ஒரே ஆள், பதினேழு வருஷம் பட்டாளத்தில் இருந்த நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதனால் நொண்ட வேண்டாம். பெருமூச்சும் வேண்டாம். யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லுங்கள், போதும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஏலக்காய் டின்னுக்கு அடியில் வைத்திருக்கிறேன். கழுதை உதைத்த பக்கம் எடுத்தவுடன் திறக்கும், தேட வேண்டியதில்லை. அந்தப் பக்கத்தில் எப்சிபா எங்களிடம் சொல்லாமல் தன் போட்டோ மூன்றை வைத்திருக்கிறாள். நான் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல் டின்னை மூடிவிட்டேன்.