வாளியை உதைத்தவர்

மலேசியாவின் பாசிர் கூடாங்கில் அந்தச் சமையல் எண்ணெய் ஆலைக்கு மலர்வளையம் வந்து இறங்கியபோது, அதில் பெயர் எழுதப்பட்டிருந்த பெர்னார்ட் கேன்டீனில் ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கால் கட்டைவிரலில் மட்டும் ஒரு கட்டு.

பாதுகாப்புப் பிரிவு கிளார்க் கமலநாதன் மலர்வளையத்தையும் பெர்னார்டையும் மாறி மாறிப் பார்த்தார். முந்தைய நாள், பெர்னார்டின் வீங்கிய விரலையும் பக்கத்தில் கிடந்த வாளியையும் பார்த்துவிட்டு, வாளியை உதைத்தார் என்ற அர்த்தத்தில் 'பெர்னார்ட் கிக்ட் த பக்கெட்' என்று ஆங்கிலத்தில் ஒரே வரியில் விபத்து அறிக்கை எழுதி சிங்கப்பூர் தலைமையகத்துக்கு அனுப்பியவர் அவர்தான். ஆங்கிலத்தில் அதற்கு 'செத்துப்போனார்' என்று பொருள் என்பது இன்று கூகுளில் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு நாள் இருந்தது.

பெர்னார்டின் போன் அடித்தது. பக்கத்து ஊரான மாசாயிலிருந்து மனைவி வினிஃப்ரெட்.

"நீங்க செத்துட்டீங்கன்னு சிங்கப்பூர்லருந்து போன் பண்ணாங்க."

"அப்படியா?"

"ஆமா. மதியம் சாப்பிட வருவீங்களா, மாட்டீங்களா?"

கமலநாதன் தலைமையகத்து ஷர்மைனை அழைத்து ஆங்கிலத்தில் பேசினார். மலர்வளையம் அனுப்பியவர் அவர்.

"மிஸ் ஷர்மைன், பெர்னார்ட் நெசமாவே வாளியைத்தான் உதைச்சாரு."

"தெரியும் மிஸ்டர் கமலநாதன். எங்களுக்கும் ரொம்ப வருத்தம். உங்களுக்கு கவுன்சலிங் வேணுமா?"

கமலநாதன் போனை பெர்னார்டிடம் கொடுத்தார்.

"நான் சாகலம்மா," என்றார் பெர்னார்ட். "சாப்பிட்டுக்கிட்டிருக்கேன்."

போனைத் திரும்ப வாங்கிய கமலநாதனிடம் ஷர்மைன் சொன்னார்: "அறிக்கையில மூலகாரணம்ங்கற கட்டத்தைக் காலியா விட்டிருக்கீங்க. இதெல்லாம் எங்கருந்து வந்துச்சுன்னு எழுதி எல்லாருக்கும் அனுப்புங்க."

அந்த ஆங்கிலத் தொடர் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறார்கள் எனக் கமலநாதன் புரிந்துகொண்டார். ஒரு மணி நேரம் தேடிப் படித்தார். இணையத்தில் ஆளுக்கொரு கதை சொல்லியிருந்தார்கள். அந்தக் காலத்து இங்கிலாந்தில் பன்றியை வெட்டித் தொங்கவிடும் மரச்சட்டத்துக்கு 'பக்கெட்' என்று பெயராம்; சாகும்போது பன்றி அதை உதைக்குமாம். இதுதான் அவருக்கு நம்பும்படியாக இருந்தது. மூலகாரணம் கட்டத்தில் 'மரச்சட்டத்தில் தொங்கவிடப்பட்ட பன்றி' என்று எழுதி, எல்லாருக்கும் அனுப்பினார்.

பன்னிரண்டாவது நிமிடம் ஆலை நின்றது. ஆலைக்குள் பன்றி சம்பந்தப்பட்ட எதுவும் வராமல் பார்த்துக்கொள்ளும் ஹலால் குழுத் தலைவி புவான் ரொஹானி நோட்டுப் புத்தகத்தோடு அவர் மேசைக்கு வந்தார்.

"பன்றி எங்கே?" என்று மலாயில் கேட்டார்.

"இங்கிலாந்தில், புவான்."

"இங்கே எப்போது வந்தது?"

"பன்றி வரவில்லை. வார்த்தை மட்டும்தான் வந்தது."

"எந்த வழியாக?"

கமலநாதன் விளக்கப் பார்த்தார். "ஆங்கிலத்தில் இப்படித்தான், புவான். பலத்த மழை பெய்தால் பூனையும் நாயும் பெய்கிறது என்பார்கள்."

புவான் ரொஹானி நோட்டில் பூனை, நாய் என்று சேர்த்துக்கொண்டார்.

தொழிலாளர்கள் வெயிலில் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொரு தொட்டியாகத் திறந்து பார்த்தார்கள். மூன்று மணிக்கு, நான்காவது முறை விளக்கியபோது, புவான் ரொஹானிக்குப் புரிந்தது. அவர் சிரிக்கவில்லை. ஒரு விலங்கும் இல்லாமல் புது அறிக்கை வேண்டும் என்றார்.

கமலநாதன் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக எதையும் எழுதியதில்லை. 'நீல நிற பிளாஸ்டிக் வாளி ஒன்றில் பெர்னார்ட் காலை இடித்துக்கொண்டார். உயிரோடு இருக்கிறார்.' புவான் ரொஹானி கையெழுத்துப் போட்டார். ஷர்மைன் போனில், "இனிமே இதைப் பத்தி ஒரு வார்த்தைகூட எழுதாதீங்க. திங்கக்கிழமை உங்க வேலை கன்ஃபர்ம்," என்றார். இயந்திரங்கள் மறுபடி ஓடத் தொடங்கின.

பாக்கி சாட்சியின் கையெழுத்து மட்டும்தான். விபத்து நடந்தபோது அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அங்கம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அதைத் தமிழில் படிக்கச் சொன்னார். கமலநாதன் படித்தார்.

அங்கம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"தப்பா எழுதியிருக்கீங்க தம்பி. வாளி தண்ணியோட உருண்டு போயி அவரு கால்ல விழுந்துச்சு, உதைச்சது நான்லா."